நோ கேரியர்: தொலைபேசிக் கம்பியில் லினக்ஸ் பேசிய காலம்

1990களின் இறுதியில் வீட்டுக் கணினியில் லினக்ஸை நிறுவி, தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தை எட்ட முயன்றவர்கள் பலர், ஏதேனும் ஓர் இரவில் தம் திரையில் இத்தகைய வரியொன்றைக் கண்டிருப்பர்:

~}#@!}!}!} }4}"}&} }*} }

மோடம் எண்ணைச் சுழற்றி, மறுமுனை எடுத்து, கீச்சொலியும் இரைச்சலும் அடங்கிய பிறகு இது தோன்றும். சில நொடிகள் கழித்து ஏறக்குறைய அதே வரி மீண்டும் வரும். பின்னும் ஒரு முறை வரும். பலரும் இதைக் கம்பியில் ஏறிய குப்பை என்று கருதி, இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி எண்ணைச் சுழற்றினர்.

அது குப்பையன்று; மறுமுனையிலிருந்த கணினி சொன்ன வணக்கம். முதலிலுள்ள அலைக்குறி, ஒரு கூற்று தொடங்குகிறது என்பதற்கான எல்லைக்கல். வளைவு அடைப்புக்குறி வருமிடமெல்லாம், அடுத்து வரும் எழுத்து மாறுவேடத்தில் இருக்கிறது என்று பொருள். வழியிலுள்ள கருவிகள் தமக்கிட்ட கட்டளையென்று மயங்கி விழுங்கிவிடக்கூடிய குறிகளை இவ்வாறு உருமாற்றி அனுப்புவது பிபிபி என்னும் நெறிமுறையின் வழக்கம். வேடத்தைக் களைந்து படித்தால் கிடைப்பது ஒரு வேண்டுகோள்: இன்ன இன்ன விதிகளின்படி உரையாடலாமா? விடை வராததால் அந்தக் கணினி திரும்பத் திரும்பக் கேட்டது. வாசலில் நின்று கூப்பிட்டவரைத் திருப்பியனுப்பிவிட்டு, விருந்தினரே வரவில்லையென்று வருந்திய கதை இது.

டயல்-அப் இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தின் வரலாற்றையே எழுதுகின்றனர்: இத்தனை கிலோபிட்டிலிருந்து இத்தனை கிலோபிட்டுக்கு என்று. அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களின் நேரத்தை உண்மையில் தின்றது வேகக் குறைவு மட்டுமன்று, இணைப்பு ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாமையும்தான். ரோமான் யாக்கோப்சன் 1960இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், மொழியின் பணிகளுள் ஒன்றாகத் தொடர்பைச் சோதிக்கும் பணியைக் குறிப்பிட்டார். செய்தி எதுவும் சொல்லாமல், பேசும் வழி திறந்திருக்கிறதா என்று மட்டும் அறியும் பேச்சு அது. டிரங்க் கால் காலத்தில் நம் வீடுகளில் கத்திக் கேட்கப்பட்ட ‘ஹலோ, ஹலோ, கேக்குதா?’ அதற்கு நல்ல சான்று. டயல்-அப் இணைப்பு ஏற்படும் அந்த முக்கால் நிமிடம் முழுவதும் இந்த வகைப் பேச்சே. அடுக்கடுக்காக நான்கைந்து ‘கேக்குதா?’க்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு மொழியில். அவற்றுள் எது தவறினாலும் பயனருக்குத் தெரிந்த விளைவு ஒன்றே: நெட் வரவில்லை.

இந்தியாவில் இந்தப் பேச்சு லினக்ஸுக்கு முந்தியது. மின்னணுத் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு 1986இல் தொடங்கிய எர்னெட் திட்டத்தின் முதல் இணைப்புகளில் ஒன்று, மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்துக்கும் அதே நகரின் ஐ.ஐ.டி.க்கும் இடையே தொலைபேசி வழியே ஏற்பட்டது. யூயூசிபி என்ற யூனிக்ஸ் மென்பொருள் ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்கு அழைத்து, கடிதங்களைக் கொடுத்து வாங்கித் துண்டித்துக்கொள்ளும். பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம், அதாவது வி.எஸ்.என்.எல்., நான்கு பெருநகரங்களில் சேவையைத் தொடங்கியது. தொடக்க வேகம் விநாடிக்கு 9,600 பிட். ஒரு ஃப்ளாப்பி வட்டில் கொள்ளும் அளவிலான கோப்பு இறங்க இருபது நிமிடங்களுக்கு மேலாகும், அதுவும் இணைப்பு அறாமல் நின்றால்.

அன்றைய கணக்குகள் இரு சாதி. ஒன்று டிசிபி/ஐபி கணக்கு. வாங்கியவரின் கணினியே இணையத்தின் உறுப்பாகும், படங்களுடன் வலைப்பக்கம் பார்க்கலாம். மற்றொன்று ஷெல் கணக்கு. பயனரின் கணினி தொலைவிலுள்ள யூனிக்ஸ் இயந்திரத்தின் வெறும் முகப்பாக நிற்கும், எழுத்து மட்டுமே தெரியும். பின்னது பன்மடங்கு மலிவு, ஆகவே மாணவர்களுக்கு உரியது. ஆனால் 1995இல் டேனி காஸ்பரோவ்ஸ்கி எழுதிய ஸ்லர்ப் என்ற சிறு நிரல், ஷெல் கணக்குக்குள்ளிருந்தபடியே டிசிபி/ஐபி இணைப்புப் போல நடிக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. அதை இயக்க வாய்த்த இடத்தில் ஏழையின் கணக்கும் பணக்காரக் கணக்கும் ஒரே மொழி பேசின. இதற்கு வேண்டிய அறிவு மறுமுனையில் என்ன நடக்கிறது என்பது பற்றிய அறிவு மட்டுமே. இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்த அறிவு எப்படிக் கிடைத்தது, எப்படிப் பறிபோனது என்பதைப் பற்றியது.

லினக்ஸ் இந்திய வீடுகளுக்குள் வந்தது இணையம் வழியே அன்று, அஞ்சல் வழியே. பிசி குவெஸ்ட் இதழ் 1996 முதல் லினக்ஸைக் குறுவட்டில் இட்டு வாசகருக்கு வழங்கியது; பின்னர் ரெட் ஹாட்டை அடியொற்றிப் பிசிக்யூ லினக்ஸ் என்ற பெயரிலேயே பதிப்புகள் வந்தன. அந்த முயற்சியின் முன்னணியில் நின்ற பெங்களூரு அதுல் சிட்னிஸ், அதற்கு முன்பே தொலைபேசி வழி அறிக்கைப் பலகை ஒன்றை நடத்தியவர். மோடத்தோடு பழகிய கையே லினக்ஸையும் பரப்பியதில் வியப்பில்லை.

லினக்ஸே மோடத்தின் பிள்ளைதான். 1991இல் ஹெல்சின்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ், வீட்டிலிருந்து பல்கலைக்கழகக் கணினியை அழைத்துச் செய்திக் குழுக்களைப் படிப்பதற்காக எழுதிய முனைய நிரலே வளர்ந்து இயங்குதளமாயிற்று. அது வளர்ந்துகொண்டிருந்தபோது ஒரு நாள், மோடத்துக்கு அனுப்ப வேண்டிய எண்சுழற்றும் கட்டளையை அவர் தவறுதலாகத் தம் வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். வன்தட்டுக்குத் தொலைபேசி எண் எதற்கு? அதிலிருந்த மினிக்ஸ் இயங்குதளம் அழிந்தது. மீண்டும் அதை நிறுவுவதைவிடத் தாம் எழுதிவருவதையே முழுமையாக்கலாம் என்று அவர் துணிந்தார். உலகின் சேவையகங்களில் பெரும்பாலானவற்றை இன்று இயக்கும் மென்பொருளின் பிறப்புக் கதையில் தவறிப்போன ஒரு டயல்-அப் அழைப்பும் இருக்கிறது.

இந்தியப் பயனருக்கு அழைப்பு தவறுவது பணக் கணக்கு. மறுமுனை எடுத்தால்தான் தொலைபேசி மீட்டர் நகரும். எனவே எண் ‘பிஸி’யாக இருந்தால் செலவில்லை, சேவையாளரின் மோடம் எடுத்து, அதன்பின் கடவுச்சொல்லிலோ பேச்சுவார்த்தையிலோ தவறினால் ஓர் அழைப்புக்கான கட்டணம் போயிற்று. அரை மணி நேரத்தில் பதினைந்து முறை முயன்றவர், ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் பதினைந்து அழைப்புகளுக்கான பணத்தைக் கட்டினார். தந்தையின் பெயரிலுள்ள தொலைபேசியில் இது இரண்டு மாதத்துக்கொரு முறை வரும் பில்லில் வெளிப்படும். ஆகவே எந்த அடுக்கில் தவறுகிறது என்று கண்டறிவது வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை.

முதல் அடுக்கிலேயே இந்தியக் கம்பி ஒரு வேடிக்கை வைத்திருந்தது. 1981இல் டென்னிஸ் ஹேய்ஸும் டேல் ஹெதரிங்டனும் உருவாக்கிய ஸ்மார்ட்மோடம், ‘கவனி’ என்ற பொருள்பட ஏடி என்ற ஈரெழுத்தில் தொடங்கும் கட்டளை மொழியைக் கொண்டுவந்தது. பின்வந்த மோடம்கள் எல்லாம் அதையே பேசின. எண்ணைச் சுழற்றுமுன் மோடம் தொலைபேசியின் டயல்டோனுக்குக் காத்திருக்கும். அது கேட்காவிட்டால் ‘நோ டயல்டோன்’ என்று திரையில் எழுதிவிட்டுப் படுத்துவிடும். பயனர் தொலைபேசியைக் கையில் எடுத்துக் கேட்டால் டயல்டோன் தெளிவாகக் கேட்கும். மோடத்துக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை?

அமெரிக்க டயல்டோன் 350, 440 ஹெர்ட்ஸ் அலைவெண் கொண்ட இரண்டு சீரான ஒலிகளின் சேர்க்கை. இந்திய டயல்டோனோ 400 ஹெர்ட்ஸ் ஒலியொன்றை 25 ஹெர்ட்ஸால் ஏற்றியிறக்கியது. காதுக்குச் சற்றே உறுமுவது போலிருக்கும். அமெரிக்கச் சந்தைக்கெனக் காது பழக்கப்பட்ட மோடம் இந்த உறுமலைத் தொலைபேசியின் அழைப்பாக ஏற்கவில்லை. ‘பிஸி’ ஒலியிலும் இதே வேறுபாடு உண்டு: அங்கே அரை விநாடி ஒலித்து அரை விநாடி அடங்கும், இங்கே முக்கால் விநாடி, முக்கால் விநாடி. அந்தத் தாளம் பிடிபடாத மோடம், எண் பிஸியாக இருப்பதை உணராமல் ஐம்பது விநாடி வாய்திறவாமல் காத்திருந்து, இறுதியில் ‘நோ கேரியர்’ என்று சொல்லும். ஒலியியல் பயின்றோர் இதை உடனே அறிந்துகொள்வர். ஒரு மொழியின் ஒலியன்களுக்குப் பழகிய செவி, வேறொரு மொழியின் ஒலியை ஒலியாகவே கேட்டும் எழுத்தாகக் கேட்காமற் போவதுண்டு. மோடம் செவிடாக இல்லை. வேறு வட்டாரத்தில் வளர்ந்திருந்தது.

மருந்து இரண்டு எழுத்துக்குறிகளில் அடங்கியது. தொடக்கக் கட்டளையோடு எக்ஸ்3 என்று சேர்த்தால், டயல்டோனுக்குக் காத்திராமல் குருட்டாம்போக்கில் எண்ணைச் சுழற்று என்று பொருள். இதை ஏடிஎக்ஸ்3 என்று மந்திரம்போல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். ஏன் என்று கேட்டவர் சிலரே. எண்ணைச் சுழற்றுவதிலும் இரு வழக்குகள் இருந்தன. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்தின் மின்னணு இணைப்பகங்கள் பரவிய ஊர்களில் ஒலியால் எண்ணைச் சொல்லலாம். பழைய ஸ்ட்ரோஜர் இணைப்பகம் எஞ்சிய பகுதிகளில் கம்பியை விட்டுவிட்டுத் துண்டித்துத்தான் சொல்ல வேண்டும்: மூன்றுக்கு மூன்று துடிப்பு, சுழியத்துக்குப் பத்து. முன்னதற்கு டீ, பின்னதற்குப் பீ என்று கட்டளையின் ஓர் எழுத்து மாறும். அந்த ஓர் எழுத்தின் பொருட்டு ஒரு வாரம் இழந்தவர்களும் உண்டு.

மோடம்கள் ஒன்றையொன்று கண்டுகொண்ட பிறகு அடுத்த ‘கேக்குதா?’ பெயரும் கடவுச்சொல்லும். யூயூசிபி காலத்திலிருந்து லினக்ஸுக்கு வந்துசேர்ந்த சாட் என்ற நிரல் இங்கே பேசும். அதற்கு ஒரு நாடகப் படி எழுதித்தர வேண்டும்: எதிராளி இதைச் சொன்னால் நீ இதைச் சொல். அந்தப் படிகளில் லாகின் என்ற சொல்லை முழுமையாக எழுதாமல் முதல் எழுத்தை விட்டு ‘ஆகின்’ என்றே எழுதுவது மரபு. பாஸ்வேர்டும் அப்படியே தலையிழந்து நிற்கும். எதிராளி முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அனுப்புவானா சிறிய எழுத்தாகவா என்று உறுதியில்லை; இணைப்பின் முதல் நொடியில் அந்த எழுத்து கம்பியிலேயே சிதைந்துபோகவும் கூடும். எனவே உறுதியாக வந்துசேரும் பகுதியை மட்டும் எதிர்பார். இரைச்சலுக்கிடையே பேசுவோர் சொல்லின் எந்தப் பகுதியை நம்புகின்றனர் என்ற ஆய்வுக்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது. எழுதியவர்கள் மொழியியலர் அல்லர். அழைப்புகளை இழந்து கற்றவர்கள்.

1998 நவம்பரில் தனியார் இணையச் சேவைக்கு அரசு அனுமதி தந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே முதலில் களமிறங்கியது. மேலும் பலர் தொடர்ந்தனர். சேவையாளர் பெருகப் பெருக நாடகப் படிகள் பொய்த்தன. ஒருவர் பெயர் கேட்டார். மற்றொருவர் எதையும் கேட்காமல் நேரே பிபிபியில் பேசத் தொடங்கினார். முன்னவருக்கு எழுதிய படியை வைத்துக்கொண்டு பின்னவரை அழைத்தவரின் திரையில்தான் கட்டுரையின் தலைப்பகுதியிலுள்ள வரி தோன்றியது. சாட் நிரல் ‘ஆகின்’ வருமென்று காத்திருக்க, எதிராளி வேறு மொழியில் வணங்கிக்கொண்டிருந்தான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கனடாவில் ஏவரி பென்னருனும் டேவ் கூம்ஸும் எழுதியது டபிள்யூவிடயல். எதிராளி சொல்வதைக் கேட்டு, பெயர் கேட்கிறானா பிபிபி பேசுகிறானா என்று தானே ஊகிக்கும் நிரல் அது. ஊகம் எட்டாதபோது அது திரையில் எழுதும் வாசகம், மென்பொருள்கள் பயனரிடம் பேசியவற்றுள் மிக நேர்மையானது எனலாம்: என்ன செய்வதென்று தெரியவில்லை, பிபிபிடியைத் தொடங்கிவிட்டு நல்லது நடக்குமென்று நம்புகிறேன். அதன் அமைப்புக் கோப்பில் ‘ஸ்டூப்பிட் மோட்’ என்றொரு வரியும் உண்டு. அதற்கு 1 என்று மதிப்பிட்டால், நிரல் தன் அறிவைப் பயன்படுத்தாமல், இணைப்பு கிடைத்ததும் நேரே பிபிபியைத் தொடங்கும். சேவையாளர்கள் அனைவரும் பிபிபியிலேயே பேசத் தொடங்கிய பிறகு இந்த முட்டாள் வழியே பெரும்பாலும் சரியான வழியாயிற்று. இந்தியாவில் கைமாறிய அமைப்புக் கோப்புகளில் அந்த வரி தவறாமல் இருந்தது.

பிபிபிக்குள் நடப்பது தனிப் பேச்சுவார்த்தை. லினக்ஸில் அதை நடத்தும் பிபிபிடி நிரலை நெடுங்காலம் பராமரித்தவர் ஆஸ்திரேலியாவின் பால் மக்கராஸ். அதில் ‘டீபக்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால், இரு தரப்பும் சொன்ன ஒவ்வொரு கூற்றையும் பதிவேட்டில் எழுதிவைக்கும்: இவர் வேண்டினார், அவர் ஏற்றார், இவர் மறுத்தார். அன்று பயனர் கையில் இருந்தவற்றுள் பெருஞ்செல்வம் இந்தப் பதிவேடு. விண்டோஸ் பெட்டி ஓர் எண்ணைக் காட்டிப் பிழை என்று முடித்துக்கொண்ட இடத்தில், லினக்ஸ் உரையாடலின் படியெடுப்பையே தந்தது. கடவுச்சொல்லை மறுத்தார்களா, கடவுச்சொல் கேட்கவேயில்லையா, கேட்டதற்கு நம் கணினி விடைசொல்ல மறந்ததா என்று அதில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். மறுமுனைக் கணினி முதலில் தன்னை மெய்ப்பிக்க வேண்டும் என்று நம் கணினியே அடம்பிடித்து இணைப்பை முறித்த நிகழ்வுகள் ஏராளம். சேவையாளர் எந்த வாடிக்கையாளருக்கும் தம்மை மெய்ப்பிப்பதில்லை. ‘நோஆத்’ என்று ஒரு சொல் சேர்த்தால் அடம் நிற்கும்.

அந்தப் பதிவேட்டில் காணக்கிடைத்த செய்திகளில் விந்தையானது, கம்பி தன்னிடமே திரும்பி வருகிறது என்பது. பேச்சுவார்த்தையின் தொடக்கத்தில் இரு தரப்பும் ஆளுக்கொரு தற்போக்கான எண்ணைத் தேர்ந்து அறிவிக்கும். அதற்கு மாய எண் என்று பெயர். எதிராளியிடமிருந்து வரும் எண்ணும் தன் எண்ணும் ஒன்றாகவே இருக்கக் கண்டால், தான் பேசிக்கொண்டிருப்பது தன் எதிரொலியோடுதான் என்று கணினி அறிந்துகொள்ளும். பெரும்பாலும் காரணம் எளிது: பெயரும் கடவுச்சொல்லும் போய்ச்சேரவில்லை, மறுமுனையில் லாகின் கேட்டு நின்ற நிரல் தனக்கு வந்ததையெல்லாம் வழக்கம்போல அப்படியே திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறது. மலையிடம் பேசி மலையின் விடையை நம்பி ஏமாறாமலிருக்க ஓர் எண் போதுமென்று கண்டவர்களின் கூர்மை வியக்கத்தக்கது.

இவ்வளவும் கடந்து இணைப்பு கிடைத்த பின்னும் ஒன்றும் திறக்காத இரவுகள் உண்டு. பெயரை முகவரியாக்கும் சேவையகத்தின் எண் கோப்பில் இல்லாதிருக்கும். அல்லது கணினியிலிருந்த ஈதர்நெட் அட்டையின் பழைய வழித்தடத்தை அகற்ற பிபிபிடி மறுத்திருக்கும். எண் முகவரிக்கு ‘பிங்’ அனுப்பினால் விடை வந்து, பெயருக்கு அனுப்பினால் வராவிட்டால் முன்னது. இரண்டுக்கும் வராவிட்டால் பெரும்பாலும் பின்னது. இவை இன்றும் நடப்பவை.

இதுவரை சொன்னதெல்லாம் மோடம் ஒரு தனி உயிராக இருந்த காலம். தொடர் வாயிலில் செருகிய புறமோடத்துக்கு விளக்குகள் இருந்தன, ஒலிபெருக்கி இருந்தது. ஏடி என்று எழுதினால் ஓகே என்று விடை வரும். அது எந்த நிறுவனத்தின் மோடம், கணினியில் எந்த இயங்குதளம் என்பது பொருட்டில்லை. 1990களின் பிற்பகுதியில் இந்த நிலை மாறியது. கணினிச் செயலிகள் விரைவு பெற்றதால், மோடத்துக்குள் இருந்த அறிவைக் கழற்றி விண்டோஸ் மென்பொருளாக மாற்றிவிட்டு, அட்டையில் கம்பியை ஒட்டும் சில்லுகளை மட்டும் விட்டுவைத்தனர் உற்பத்தியாளர். வின்மோடம் என்று பெயர் பெற்ற இந்த அட்டையின் விலை புறமோடத்தின் விலையில் சிறு பகுதியே. தில்லி நேரு பிளேஸிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உதிரிகளை வாங்கிக் கணினி பூட்டிக்கொண்ட நடுத்தரக் குடும்பம் எதை வாங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த அட்டையிடம் லினக்ஸ் ஏடி என்று சொன்னால் விடையே வராது. ஓகே என்றும் இல்லை, பிழை என்றும் இல்லை. விடை சொல்ல வேண்டிய பேச்சு முழுவதும் விண்டோஸ் கோப்பொன்றுக்குள் மூடிக்கிடந்தது. அதன் இலக்கணத்தை உற்பத்தியாளர் வெளியிடவில்லை. புறமோடக் காலத்தில் பிழையை எந்த அடுக்கில் தேடலாம் என்று கற்றவருக்கு இங்கே தேட அடுக்கே இல்லை. எளிய கருவி வாங்கியவர் கற்ற கல்வி அந்த எளிமையாலேயே செல்லாக்காசானது. டயல்-அப் வரலாற்றில் உண்மையான இழப்பு இங்கேதான் நேர்ந்தது. அகலப்பட்டை வந்து டயல்-அப்பைக் கொன்றது என்பார்கள். அது வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பேச்சைக் கேட்டுப் பழுது பார்க்கும் வழக்கம் மூச்சுத் திணறத் தொடங்கியிருந்தது.

2000ஆம் ஆண்டையொட்டி லூசென்ட் தன் வின்மோடத்துக்கு லினக்ஸ் இயக்கி ஒன்றை மூலநிரலின்றி வெளியிட்டது. அது குறிப்பிட்ட கெர்னல் பதிப்புக்கென்றே கட்டப்பட்டது. பயனர் கெர்னலைப் புதுப்பித்தால் இயக்கி ஏற மறுக்கும். தன்னார்வலர்கள் அந்த மூடிய பகுதியைச் சுற்றித் திறந்த நிரலால் ஒட்டுப்போட்டுப் பிற பதிப்புகளுக்கும் பொருந்தச் செய்தனர். அட்டையிலுள்ள சில்லு எந்தக் குலம் என்று கண்டுபிடிப்பதற்கென்றே ஸ்கேன்மோடம் என்ற நிரல் எழுந்தது. பிழைநீக்கம் என்பது உரையாடலைப் படிப்பது என்ற நிலையிலிருந்து, இந்தச் சில்லுக்கு எவரேனும் இயக்கி கொடுத்திருக்கிறார்களா என்று தேடுவது என்ற நிலைக்கு இறங்கியது. அந்தத் தேடலுக்கும் இணையம் வேண்டும்! இணைப்பு கிடைக்க இயக்கி வேண்டும், இயக்கி கிடைக்க இணைப்பு வேண்டும். பிரௌசிங் சென்டரில் மணிக்கணக்கில் பணம் கொடுத்து ஃப்ளாப்பியில் இறக்கி, பேருந்தில் வீடு சேர்ந்து, கெர்னல் எண்ணின் கடைசி இலக்கம் வேறாக இருப்பதைக் கண்டு, மறுநாள் மீண்டும் போனவர்களின் தலைமுறை ஒன்று உண்டு. ஃப்ளாப்பி வழியில் கெட்டுப்போவதும் அன்றாடம். அதே கணினியில் விண்டோஸும் வைத்திருந்தவர்கள் அதில் ஏறி இறக்கிக்கொண்டு, மறுபடி லினக்ஸுக்குத் திரும்பினர், பலர் திரும்பவேயில்லை.

கோனெக்ஸன்ட் சில்லுகளுக்கு லினக்ஸன்ட் என்ற கனடா நிறுவனம் இயக்கி விற்றது. இலவசப் பதிப்பு விநாடிக்கு 14.4 கிலோபிட்டோடு நிற்கும். முழு வேகத்துக்கு டாலரில் கட்டணம். தொகை பெரிதன்று, ஆனால் பன்னாட்டுக் கடன் அட்டை இல்லாத மாணவனுக்கு அது எட்டாத தொகையே. இந்த இயக்கியை முன்னிட்டு 2004 ஏப்ரலில் வெடித்த சர்ச்சை மொழியாராய்ச்சியாளர் எவரும் தவறவிடக்கூடாதது. இயக்கி ஒவ்வொன்றும் தன் உரிமம் எதுவென்று கெர்னலிடம் ஒரு சரமாக அறிவிக்க வேண்டும். ஜிபிஎல் என்று சொன்னால் கெர்னல் ஏற்கும். மூடிய நிரலென்று சொன்னால், தன்னில் களங்கம் ஏறியது என்று குறித்துவைத்துக்கொள்ளும். பிழை நேரும்போது எவரிடம் முறையிடுவது என்பதற்கான அடையாளம் அது. லினக்ஸன்ட் இயக்கி சொன்ன சரத்தில் ஜிபிஎல் என்ற எழுத்துகளை அடுத்து ஒரு சுழியக் குறி இருந்தது. அதன்பின், ஜிபிஎல் என்ற அடைவிலுள்ள கோப்புகளுக்கு மட்டுமே அது பொருந்தும், பிறவற்றுக்கு வேறு உரிமம் என்ற தொடர்ச்சி இருந்தது. சி மொழியில் சுழியக் குறி முற்றுப்புள்ளி. கெர்னல் அங்கேயே படிப்பை நிறுத்திவிடும். மூலக் கோப்பைப் படிக்கும் மனிதருக்கோ வாக்கியம் தொடர்கிறது. ஒரே கூற்று, இரண்டு வாசகர், இரண்டு பொருள். பயனரைக் குழப்பும் எச்சரிக்கைகளைத் தவிர்க்கவே அவ்வாறு செய்ததாக நிறுவனம் விளக்கியது. விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். பொய் சொல்லாமலேயே கேட்பவரை ஏமாற்றுவது எப்படி என்று மொழிப் பயன்பாட்டியல் வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு இல்லை.

அகலப்பட்டைக் கொள்கை 2004 அக்டோபரில் வந்தது. விநாடிக்கு 256 கிலோபிட் என்பதே அதன் வரையறை. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் தொடங்கியது. மோடம் ஈதர்நெட் வழியே பேசியதால் இயக்கித் தொல்லை ஒழிந்தது. உள்ளே ஓடியது அதே பிபிபி. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு வாங்கும் அதே பேச்சுவார்த்தை, தொலைபேசி ஒலி மட்டும் இல்லை. பழைய பதிவேட்டைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது பழைய நண்பரைப் புதுச் சட்டையில் கண்டது போலிருந்தது.

சில ஆண்டுகளில் யூஎஸ்பி டாங்கிள் வந்தது. கணினியில் செருகியவுடன் அது தன்னை மோடம் என்று சொல்லாமல் குறுவட்டு என்று அறிவித்துக்கொள்ளும், விண்டோஸ் மென்பொருளை ஏற்றித்தர. அந்த வேடத்தைக் கலைக்க லினக்ஸுக்கு யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற தனி நிரலே எழுதப்பட்டது. வேடம் கலைந்ததும் டாங்கிள் மோடமாகி, ஏடி என்றால் ஓகே என்றது. அட்டை மோடம் மறந்துபோன விடை அது. ஜிஎஸ்எம் இணைப்பாயின் *99#, சிடிஎம்ஏ இணைப்பாயின் #777 என்று சுழற்ற வேண்டும். மறுமுனையில் தொலைபேசி எதுவும் மணியடிக்காது. அறைகளில் ஒதுக்கிவைத்திருந்த டபிள்யூவிடயல் கோப்புகள் மறுபடி வெளியே வந்தன. வாயிலின் பெயர் மாறியது, எண் மாறியது, கடவுச்சொல் இருந்த இடத்தில் ஏதேனும் ஒரு சொல்லை நிரப்பினால் போதுமென்றாயிற்று. ‘ஸ்டூப்பிட் மோட்’ என்ற வரியை மட்டும் யாரும் தொடவில்லை. அதன் மதிப்பு அப்போதும் 1 என்றே இருந்தது.